வேலை போகவில்லை, சம்பளம் மட்டும் குறைந்தது: மீதிக்கு யார் பொறுப்பு? பிரான்சிஸ் பெர்கின்ஸ் மல்லுக்கட்டிய கேள்வி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குறைந்துவிட்டது, யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை, ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு எல்லோருக்கும் வாரத்தில் நாலு நாள்தான் வேலை, சம்பளமும் 20 சதவீதம் குறையும் என்கிறது மெயில். படித்ததும் முதலில் உங்களுக்கு நிம்மதிதான் வரும். வேலை போகலையே! அடுத்த நிமிஷம் இ.எம்.ஐ. ஞாபகம் வரும். போன அந்த 20 சதவீதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்காவில் சுமார் பாதி மாநிலங்களில் இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நிறுவனம் ‘வேலைப் பகிர்வு’ திட்டம் ஒன்றை மாநில அரசிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், எவ்வளவு நேரம் குறைந்ததோ அந்த விகிதத்தில் ஊழியருக்கு வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். வேலையிலும் இருக்கலாம், வேலையில்லாதவருக்கான பணத்தில் ஒரு பங்கும் வாங்கலாம். கேட்க விநோதமாக இருக்கிறது, இல்லையா?

இந்தக் காப்பீட்டைச் சட்டமாக்கிய கூட்டத்தின் மையத்தில் நின்றவர் ஒரு பெண். பெயர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். இத்தனைக்கும் வேலைப் பகிர்வு உதவி என்ற ஏற்பாடு அவர் போட்ட சட்டத்தில் கிடையாது. அது ஏன் இல்லாமல் போனது, பிறகு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னால் இருந்து பார்க்க வேண்டும்.

யார் இந்தப் பெர்கின்ஸ்?

1880 ஏப்ரல் 10-ஆம் தேதி பாஸ்டனில் பிறந்தார். வளர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தில். அப்பாவுக்கு ஸ்டேஷனரி வியாபாரம். வசதிக்குக் குறைவில்லை. ஏழைகள் ஏழைகளாக இருப்பது குடியாலும் சோம்பலாலும்தான் என்று நம்பிய வீடு அது. அந்த நம்பிக்கையை உடைத்தது கல்லூரி. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் அவர் படித்தது வேதியியலும் இயற்பியலும். ஆனால் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியை மாணவிகளைப் பக்கத்து ஊர் ஆலைகளுக்கு அழைத்துப்போய், எப்படி வேலை நடக்கிறது என்று பார்த்து எழுதச் சொன்னார். ஒரு கை இயந்திரத்தில் சிக்கினால் அந்தக் குடும்பத்துக்கு மறுவாரம் வருமானமே இல்லை என்பதை பெர்கின்ஸ் அங்கேதான் முதலில் பார்த்தார். அதில் சோம்பலும் இல்லை, குடியும் இல்லை.

1902-இல் பட்டம். கொஞ்ச காலம் சிகாகோ பக்கத்தில் ஆசிரியை வேலை. வார இறுதிகளில் அங்கிருந்த ஹல் ஹவுஸ் சேவை இல்லத்தில் தங்கி, முதலாளிகள் கொடுக்காமல் இழுத்தடித்த கூலியைத் தொழிலாளர்களுக்காகக் கேட்டு வாங்கப் போவார். பிறகு பிலடெல்பியா போனார். ஊர் விட்டு வேலை தேடி வரும் இளம்பெண்களை ஏமாற்றும் போலி வேலைவாய்ப்பு ஏஜென்ட்டுகளைப் பற்றி அங்கே ஆய்வு செய்தார். 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. அதே ஆண்டு நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளர் ஆனார். பெண்களின் வேலை நேரத்தை வாரம் 54 மணியாகக் கட்டுப்படுத்தும் மசோதாவுக்காக அல்பானி சட்டமன்றத்தில் நடையாய் நடப்பதுதான் அங்கே அவருடைய முக்கிய வேலை.

146 பேர்

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு தோழியின் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார் பெர்கின்ஸ். தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு ஓடினார். பக்கத்திலேயே டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில் தீ. ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. ஜன்னல் விளிம்பிலிருந்து இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதை அவர் கீழே நின்று பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் சமீபத்தில் குடியேறிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் பெண்கள்.

மாநில அரசு தொழிற்சாலை விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைமையில் இருந்த ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் இருவரும் அரசியல்வாதிகள். அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ளும் ஆட்கள் இல்லை என்பது பெர்கின்ஸுக்குத் தெரியும். அதனால் அவர்களை நேரில் கூட்டிப்போனார். கயிறு திரிக்கும் ஆலையில் பத்து மணி நேர இரவு ஷிப்ட் முடித்துப் பெண்கள் தள்ளாடி வெளியே வருவதை விடியற்காலையில் நின்று பார்க்க வைத்தார். இன்னொரு ஆலையில் தீ தப்பும் வழி என்று எழுதியிருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக வாக்னரைத் தவழ்ந்து போகச் சொன்னார். அந்தப் பக்கம் பனி உறைந்த ஏணி ஒன்று, தரைக்குப் பல அடி மேலேயே முடிந்து நின்றது. அந்த ஆணையத்திலிருந்து பிறந்த சட்டங்கள்தான் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் மாதிரி ஆயின.

இதற்கிடையில் 1912-இல் அந்த 54 மணி மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. டப்பா உணவுத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுத்தால்தான் நிறைவேறும் என்ற நிலை. சங்கத்தின் மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்காவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. பெர்கின்ஸ் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். பெரும்பாலானவர்களுக்கு இன்று கிடைப்பதை வாங்கிவிடுவோம், மிச்சத்துக்கு நாளை சண்டை போடுவோம் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டே விலக்கும் நீங்கியது. இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று வருஷம் கழித்து இதே கணக்கை அவர் மறுபடி போடப் போகிறார். அப்போது மிச்சம் அவ்வளவு சீக்கிரம் வந்து சேராது.

வீட்டில் ஒரு சம்பளம்

1913-இல் பால் வில்சன் என்ற பொருளாதார நிபுணரைத் திருமணம் செய்தார். தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பேச்சுப்பொருள். 1916-இல் மகள் பிறந்தாள். 1918 வாக்கில் கணவருக்கு மனநலப் பாதிப்பு தொடங்கியது. அதன் பிறகு அவரால் நிலையாக எந்த வேலையிலும் இருக்க முடியவில்லை. பல காலம் மருத்துவ இல்லங்களில் கழித்தார். வீட்டுச் செலவு, சிகிச்சைச் செலவு, மகளின் படிப்பு எல்லாமே பெர்கின்ஸின் ஒற்றைச் சம்பளத்தில். இதை அவர் வெளியே பேசியதே இல்லை. ஒரு வருமானம் திடீரென்று நின்றால் ஒரு வீடு என்ன ஆகும் என்பது அவருக்கு அறிக்கையில் படித்த விஷயம் மட்டுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1919-இல் ஆளுநரான ஆல் ஸ்மித் அவரை மாநிலத் தொழில் ஆணையத்தில் நியமித்தார், ஆண்டுச் சம்பளம் 8,000 டாலர். 1929-இல் அடுத்த ஆளுநர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் அவரை மாநிலத்தின் தொழில் ஆணையர் ஆக்கினார். கூட்டங்களில் ஆண்கள் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்து ஒரு உறையில் குறிப்புகள் சேர்த்துவைத்திருந்தார். அம்மாவை நினைவுபடுத்தும் பெண்ணிடம் அவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்து, கறுப்பு உடையும் மூன்று மூலைத் தொப்பியுமாக உடுத்தத் தொடங்கினார். இன்றைக்கும் அவர் படங்களில் அந்தத் தொப்பிதான் முதலில் கண்ணில் படும்.

வேலையைப் பங்கு போட்டார்கள், நஷ்டத்தை யார் ஏற்றார்கள்?

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர், வேலைவாய்ப்பு மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். பெர்கின்ஸ் கையில் நியூயார்க் மாநிலத்தின் புள்ளிவிவரம் இருந்தது. அது நேர்மாறாகச் சொன்னது. ஆளுநரைக்கூடக் கேட்காமல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஜனாதிபதி சொன்னது தவறு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் ரூஸ்வெல்ட் என்ன சொல்வாரோ என்ற பயம் வந்தது. அவரோ சந்தோஷப்பட்டார்.

இந்த நெருக்கடியில்தான் வேலைப் பகிர்வு முதன்முதலாகப் பெரிய அளவில் நடந்தது. நூறு பேரில் இருபது பேரை அனுப்புவதற்குப் பதிலாக, நூறு பேருக்கும் நேரத்தைக் குறைப்பது. 1932-இல் ஹூவர் அரசு இதை ஒரு இயக்கமாகவே ஆக்கியது. நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் தலைவர் வால்டர் டீகிள் அதற்குத் தலைமை. பார்க்க நல்ல காரியமாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் குறைந்தால் கூலியும் குறையும், குறைந்த கூலியை ஈடுகட்ட எங்கிருந்தும் ஒரு டாலர்கூட வராது. ஆக, வேலையில்லாதவருக்குச் சோறு போடும் பொறுப்பை அரசும் முதலாளியும் ஏற்காமல், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளியிடம் தள்ளிவிட்டார்கள். வறுமையைப் பங்கு போடுகிறார்கள் என்று தொழிற்சங்கத் தரப்பில் கசப்பு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் அங்கே முழுநேர ஊழியர்கள் சுமார் 2,25,000 பேர். 1933 ஏப்ரலில் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. மிஞ்சியிருந்த எல்லோரும் பகுதிநேரம். புள்ளிவிவரத்தில் அவர்கள் வேலையில் இருப்பவர்கள். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். லே-ஆஃப் என்று ஆபீஸில் நாம் சொல்வது வேலையை விட்டு அனுப்புவதைத்தான். இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. வேலை உறவு அறுபடாமல், தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆஃப். தகுதியுள்ள தொழிலாளருக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 50 சதவீதத்தை முதலாளியே தர வேண்டும். காப்பீட்டு நிதியிலிருந்து வருவதென்றால், இ.எஸ்.ஐ. மூலம் 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் இருக்கிறது. 2020-இல் அதன் உதவியைச் சராசரிக் கூலியில் 50 சதவீதமாக, 90 நாள் வரை என்று உயர்த்தினார்கள். ஆனால் அது வேலையே போனவருக்கு. நேரம் குறைந்தவருக்கு இல்லை. அதோடு இ.எஸ்.ஐ.க்குள் வர மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். சரி, 1933-க்குத் திரும்புவோம்.

30 மணி நேர மசோதா

1933 பிப்ரவரியில், அடுத்த ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட் பெர்கின்ஸை அமைச்சராகக் கூப்பிட்டார். அவர் ஒரு பட்டியலோடு போனார். வேலையில்லாதவர்களுக்கு நேரடி நிவாரணம், பொதுப்பணிகள், குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலுக்குத் தடை, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்ற நிபந்தனை. ரூஸ்வெல்ட் சம்மதித்தார். மார்ச் 4-ஆம் தேதி அவர் தொழிலாளர் துறை அமைச்சர். நாட்டில் அப்போது நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

ஒரே மாதத்தில் முதல் சோதனை. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற ஹியூகோ பிளாக்கின் மசோதாவை ஏப்ரல் 6-ஆம் தேதி செனட் 53-க்கு 30 என்ற கணக்கில் நிறைவேற்றிவிட்டது. நேரத்தைக் குறைத்தால் இன்னும் பல லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்பது வாதம். தொழிலாளர் பக்கம் நிற்கும் அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெர்கின்ஸ் பிரதிநிதிகள் சபைக் குழு முன்னால் போய், இப்படியே விட்டால் ஆபத்து என்றார். மசோதாவில் நேரம் இருக்கிறது, கூலி எங்கே என்பது அவர் கேள்வி. 48 மணி நேரக் கூலி வாங்கியவர் 30 மணி நேரக் கூலியில் குடும்பம் நடத்த முடியுமா? குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் குழுக்கள் வேண்டும், தொழிலுக்குத் தகுந்தபடி 40 மணி வரை தளர்வும் வேண்டும் என்று திருத்தம் கொண்டுபோனார். குறைந்தபட்சக் கூலி என்றதும் முதலாளிகள் கொதித்தார்கள். சங்கத் தலைவர்களில் பலருக்கும் அரசு கூலி நிர்ணயிப்பது பிடிக்கவில்லை. கடைசியில் மசோதாவே ஓரங்கட்டப்பட்டு, அந்த இடத்துக்குத் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் வந்தது.

என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் பேசப்பட வேண்டிய இடம் இது. நேரத்தைக் குறைப்பது தனியாக நிற்கும்போது அது தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொரு தொழிலாளிக்குக் கொடுப்பதுதான் என்பதை அவர் தெளிவாகப் பார்த்தார். குறையும் கூலிக்கு அடியில் ஒரு தரை வேண்டும். அந்தத் தரைக்குக் காசு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

அந்தக் கோடையில் எஃகுத் தொழிலாளர்களிடம் நேரடியாகக் கேட்கப் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஊருக்குப் போனார். உள்ளே வர முடியாத கூட்டம் ஒன்று வெளியே காத்திருந்தது. அவர்களோடு பூங்காவில் பேசக்கூடாது என்று உள்ளூர்த் தலைவர் தடுத்தார். பெர்கின்ஸ் சுற்றிப் பார்த்தார். எதிரே தபால் நிலையம். மேலே தேசியக் கொடி. அது மத்திய அரசின் கட்டடம். எல்லோரையும் அங்கே கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கூட்டத்தை நடத்தினார்.

ஒரு பாட்டில் விஸ்கி, ஒரு இரவு

1934 ஜூனில் ரூஸ்வெல்ட் பொருளாதாரப் பாதுகாப்புக் குழுவை அமைத்து பெர்கின்ஸைத் தலைவராக்கினார். கையில் ஆறேழு மாதம்தான். பிரிட்டனில் வேலையின்மைக் காப்பீடு எப்படி நடக்கிறது என்று 1931-லேயே நேரில் போய்ப் பார்த்து வந்தவர் அவர். ஆனால் அமெரிக்காவில் பிரச்சினை வேறு. இப்படி ஒரு சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டால்? ஒரு விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோன் அவர் காதோடு காதாக, வரி விதிக்கும் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ரூஸ்வெல்ட்டைத் தவிர யாரிடமும் அவர் அந்த யோசனை வந்த இடத்தைச் சொல்லவில்லை.

இன்னொரு சண்டை, காப்பீட்டை நடத்துவது மத்திய அரசா, மாநிலங்களா என்பது. குழு ஒரு வாரம் ஒரு பக்கம், மறுவாரம் மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கெடு நெருங்கியது. 1934 கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்பு சக அமைச்சர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய ஸ்காட்ச் பாட்டிலை வைத்தார். போன் இணைப்பைத் துண்டித்தார். முடிவெடுக்காமல் யாரும் எழுந்து போக முடியாது என்றார். விடிய விடிய இல்லை, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு முடிவு வந்தது. மத்திய அரசு முதலாளிகளிடம் சம்பளப் பட்டியல்மீது வரி விதிக்கும். மாநிலம் தானே ஒரு காப்பீட்டுச் சட்டம் போட்டால் அந்த வரியில் 90 சதவீதம்வரை கழிவு. எவ்வளவு உதவி, யாருக்கு, எத்தனை வாரம் என்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம்.

1935 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் நிற்கும் ஒரே பெண் பெர்கின்ஸ். அன்று காலையில்தான் கணவர் பராமரிப்பிலிருந்து காணாமல் போய்விட்டார் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. விழா முடிந்ததும் நியூயார்க்குக்கு ரயிலேறிப் போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் முதல் காசோலை, 15 டாலர். 1937 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. அந்த வருஷம் முடிவதற்குள் எல்லா மாநிலங்களிலும் வேலையின்மைக் காப்பீடு வந்துவிட்டது.

சட்டத்தில் இருந்த ஓட்டை

எட்டுப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள், விவசாயக் கூலிகள், வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்த வேலைகள் இவைதான். 1912-இன் அதே கணக்கு: கிடைப்பதை வாங்கு, மிச்சத்துக்குப் பிறகு சண்டை போடு. இந்த மிச்சத்தில் ஒரு பகுதி வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. சமரசத்தின் விலையைச் சமரசம் செய்தவர் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு ஓட்டை நம் கதைக்கு நேரடியாகத் தொடர்புடையது. பொதுவான கணக்கில் காப்பீட்டு உதவி என்பது பழைய சம்பளத்தில் சுமார் பாதி. அந்த வாரம் நீங்கள் சம்பாதித்தது அந்தப் பாதியைவிடக் கணிசமாக அதிகம் என்றால், ஒன்றும் கிடையாது. அப்படியானால் ஐந்து நாளில் ஒரு நாளை இழந்தவர் கதி? 80 சதவீதம் சம்பாதிக்கிறார். உதவி பூஜ்ஜியம்.

நூறு பேர் உள்ள நிறுவனத்தில் வேலை 20 சதவீதம் குறைகிறது. இருபது பேரை அனுப்பினால் அந்த இருபது பேருக்கும் காப்பீடு பாதிச் சம்பளம் தரும். அதாவது நிதியிலிருந்து போவது பத்து பேர் சம்பளம். எல்லோருக்கும் ஒரு நாள் குறைத்தால், நிதியிலிருந்து போவது ஒன்றுமில்லை. அந்த நஷ்டம் முழுக்க ஊழியர்களுக்கு. அப்போ முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? சட்டமே, ஆளை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதுபோல ஆகிவிட்டது. வேலை இழப்பைத் தாங்கப் போட்ட சட்டம், ஒரு விதத்தில் வேலை இழப்புக்கே மானியமாகவும் மாறியது. பெர்கின்ஸ் எதிர்த்த அதே தனிமையில் குறைந்த நேர ஊழியர் மறுபடி நின்றார்.

1938-இல் அவர் நேரக் கணக்கின் இன்னொரு பாதியை முடித்தார். நியாயமான தொழில்தரச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்றது. வாரத்துக்கு முதலில் 44 மணி, 1940-இல் 40 மணி, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்றும் வைத்தது. உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கும் வாரம் 40 மணி என்ற எண் உலகெங்கும் பரவியதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அவரைப் பதவி நீக்கம் செய்யத் தீர்மானம் வந்தது. ஹாரி பிரிட்ஜஸ் என்ற துறைமுகச் சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. தீர்மானம் தோற்றது. 1945 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். இன்றுவரை அந்தத் துறையில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாருமில்லை.

பிறகு குடிமைப் பணி ஆணையத்தில் சில ஆண்டுகள். கணவர் 1952 கடைசியில் இறந்தார். 1957 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழிலுறவுக் கல்லூரியில் பாடம் நடத்தினார். எண்பது வயதில் மாணவர் இல்லம் ஒன்றில் இளைஞர்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கினார். 1965 மே 14-ஆம் தேதி காலமானார். வாஷிங்டனில் தொழிலாளர் துறையின் தலைமையகத்துக்கு 1980-இல் அவர் பெயரை வைத்தார்கள்.

ஓட்டை எப்படி அடைபட்டது?

அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவில். 1978-இல் சொத்து வரியை வெட்டும் மக்கள் வாக்கெடுப்பு அங்கே ஜெயித்தது. உள்ளாட்சிகளில் பெரிய ஆட்குறைப்பு வரும் என்று பயந்து, வேலைப் பகிர்வு உதவியை அந்த மாநிலம் கொண்டுவந்தது. ஜெர்மனியில் இதற்கு வயது அதிகம். 1910-இல் பொட்டாஷ் சுரங்கத் தொழிலில் தொடங்கிய ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ ஏற்பாடு அங்கே நெருக்கடி வரும்போதெல்லாம் கைகொடுத்திருக்கிறது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் ஜெர்மானியர்கள் அதில் இருந்தார்கள்.

அதே நூறு பேர் நிறுவனத்துக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரு நாள் குறைகிறது. வேலையே போயிருந்தால் ஒருவருக்குப் பாதிச் சம்பளம் கிடைத்திருக்கும் அல்லவா, அதில் 20 சதவீதம் இப்போது அவருக்கு வரும். அதாவது பழைய சம்பளத்தில் 10 சதவீதம். 80-ம் 10-ம் சேர்ந்து 90. நிதியிலிருந்து மொத்தம் போவது, நூறு பேருக்குப் பத்துப் பத்து சதவீதம், பத்து பேர் சம்பளம். இருபது பேரை அனுப்பியிருந்தாலும் இதே தொகைதான். வித்தியாசம் என்னவென்றால், இருபது பேர் பாதியில் வாழ்வதற்குப் பதில் நூறு பேர் தொண்ணூறில் வாழ்கிறார்கள். வேலை திரும்பும்போது புது ஆளை எடுத்துப் பயிற்சி கொடுக்கும் செலவும் இல்லை.

2012-இல் மத்திய சட்டம் இதற்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தது. நேரக் குறைப்பு 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றை நேரம் குறைந்ததைக் காரணம் காட்டி வெட்டக்கூடாது. பல மாநிலங்களில், சங்கம் இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். குறைந்த நேரத்தில் வேலை செய்துகொண்டே வேறு வேலை தேட வேண்டும் என்ற கட்டாயமும் ஊழியருக்கு இல்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் ஏன் அமெரிக்காவில் எல்லோரும் பயன்படுத்தவில்லை? முதலாளிக்கு இதில் கணக்கு வேறு. மருத்துவக் காப்பீட்டுக்கு அவர் கட்டுவது தலைக்கு இவ்வளவு என்பதால், நூறு பேரை வைத்துக்கொண்டால் நூறு பேருக்கும் கட்ட வேண்டும். நிதியிலிருந்து பணம் போகப் போக அவருடைய காப்பீட்டு வரி விகிதமும் ஏறும், ஆளை அனுப்பினால் ஏறுவதுபோலவே. திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கும் காகித வேலை தனி. ஊழியர்களுக்குள்ளும் ஒரே மனம் இல்லை. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார் என்ற வழக்கம் உள்ள இடத்தில், இருபது வருஷ சீனியருக்குத் தன் சம்பளத்தில் பத்து சதவீதம் விட்டுக்கொடுக்க என்ன அவசியம்? லாபம் போன வருஷம் சேர்ந்த ஜூனியருக்குத்தான். 2020-இல் கோவிட் நிவாரணச் சட்டம், மாநிலங்கள் தரும் வேலைப் பகிர்வு உதவியின் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும் என்றது. ஆனால் ஏற்கெனவே அப்படி ஒரு சட்டம் வைத்திருந்த மாநிலங்களுக்குத்தான் அது உடனே பயன்பட்டது. 1934 டிசம்பரில் அந்தச் சாப்பாட்டு மேஜையில், உதவி யாருக்கு, எவ்வளவு என்பதை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானதே, அந்த முடிவு அப்படியே இருக்கிறது.